முதலில் பேருந்து, அப்புறம் கட்டணம்

ஆசிரியருக்கு வணக்கம்.

நகரத்துப் புகையைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே, எல்லோரும் மின்சாரக் காருக்கு மாறிவிட்டால் சரியாகிவிடும் என்று முடித்துவிடுகிறோம். பாதிதான் சரி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. (பெட்ரோலின் எடையே முக்கால் கிலோதானே என்று கேட்கலாம், மீதி, எரியும்போது காற்றிலிருந்து சேரும் ஆக்சிஜன்.) புகைக்குழாயே இல்லாத வண்டி இதைத் தெருவில் விடாது. ஆனால் டயரும் சாலையும் தேய்ந்து எழும் நுண்துகள் அதிலும் உண்டு. நெரிசலோ துளியும் குறையாது.

வண்டிகளின் எண்ணிக்கையே குறைய வேண்டும். சுவீடனின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் 2006இல் நகர மையத்துக்குள் வரும் வண்டிகளுக்குக் கட்டணம் வைத்துச் சோதித்தார்கள். எல்லையைக் கடக்கும் போக்குவரத்து ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. முதலில் முகம் சுளித்த மக்கள், சோதனை முடிந்தபின் நடந்த வாக்கெடுப்பில் ஆதரித்தார்கள்; 2007இல் அது நிரந்தரமானது. பலர் கவனிக்காத விஷயம், கட்டணத்துக்குச் சில மாதம் முன்பே, 2005இல், கூடுதல் பேருந்துகளை விட்டுவிட்டார்கள் என்பதுதான்.

அந்த வரிசையை மாற்றிச் செய்தால், காசு கொடுக்க முடிந்தவர் காரில் போவார், முடியாதவர் நிறுத்தத்தில் நிற்பார். பேருந்தையே மின்சாரமாக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு: சீனாவின் ஷென்ஜென் நகரம் தன் 16,000க்கும் மேற்பட்ட பேருந்துகளை 2017க்குள் மாற்றி முடித்துவிட்டது.

இப்படிக்கு,
பேருந்துப் பயணி ஒருவர்