களிமண்ணும் உயிர்வேலியும்

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் பேசும்போதெல்லாம் "அங்கே மண் எப்படி?" என்று கேட்கிறீர்கள், நானும் "நல்லா இருக்குப்பா" என்று முடித்துவிடுகிறேன். இன்று விடாத மழை, வயலில் கால் வைக்க முடியாது. அதனால் விவரமாக எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் தெற்கே இந்தப் பக்கம் முழுக்கக் கனத்த களிமண். குளிர்காலத்தில் பூட்ஸில் அப்பிக்கொண்டு காலைத் தூக்க விடாது, கோடையில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். நீங்கள் பார்த்தால் கரிசலுக்குச் சொந்தம் என்பீர்கள். இந்தப் பண்ணையில் ரசாயன உரம் கிடையாது. இயற்கை முறைக்கு மாறிய நிலத்தில் பொதுவாக 2 வருடம் காத்திருந்த பிறகு விதைப்பதைத்தான் ஆர்கானிக் என்று விற்க முடியும், அப்புறமும் வருடா வருடம் ஆய்வுக்கு வருவார்கள்.

தழைச்சத்துக்குச் சிவப்பு குளோவர் என்ற தீவனச் செடியைப் புல்லோடு கலந்து விதைத்து, இரண்டு மூன்று வருடம் ஆடு மேயவிட்டு, பிறகு மடக்கி உழுது கோதுமை போடுகிறார்கள். நாம் தக்கைப்பூண்டு போடுவது மாதிரிதான், ஆனால் காத்திருப்பது ரொம்ப அதிகம். பண்ணைக்காரர் மகள் ஒரு செடியைப் பிடுங்கி வேர்முடிச்சை நகத்தால் கீறிக் காட்டினாள், உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறம் இருந்தால் முடிச்சு காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கிறது என்று அர்த்தமாம். இத்தனை வருடம் விவசாயம் பார்த்த நாம் ஒரு தடவைகூடக் கீறிப் பார்த்ததில்லையே அப்பா!

வயலுக்கு வயல் உயிர்வேலி. மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் அதை வெட்டக் கூடாது, சட்டமே இருக்கிறது. இவர்கள் மற்ற மாதங்களிலும் எல்லா வேலியையும் ஒரே வருடத்தில் வெட்டுவதில்லை, பழம் மிஞ்ச வேண்டும் என்று. ஸ்காண்டிநேவியாவிலிருந்து குளிருக்குத் தப்பி வரும் ரெட்விங் பறவைகள் அந்தச் சிவப்புப் பழங்களைத்தான் தின்றன, இப்போதுதான் திரும்பிப் போகத் தொடங்கியிருக்கின்றன.

வேலியோரம் சில மீட்டர் அகலத்துக்குப் புல்லை வளரவிட்டிருக்கிறார்கள். முதலில் எனக்கு மனசே ஆறவில்லை, இவ்வளவு நிலம் வீணா என்று. ஒரு நாள் அந்தி நேரத்தில் கூகை ஒன்று அந்தப் புல்லுக்கு மேலே சத்தமே இல்லாமல் தாழப் பறந்து, சட்டென்று காலை நீட்டி விழுந்தது. மறுநாள் கொட்டகையில் அது கக்கிய உருண்டையைப் பிரித்தால், மயிருக்குள் வயல் எலிகளின் மண்டையோடுகள், மூன்று! அதற்கப்புறம் அந்தப் புல்லை வீண் என்று நான் சொல்வதில்லை. பார்லி வயலில் வானம்பாடி தரையிலேயே கூடு கட்டும். போன வருடம் ஒரு கூட்டைப் பார்த்ததும் குச்சி நட்டு, டிராக்டரை அதைச் சுற்றித்தான் ஓட்டினோம்.

ஒரு தப்பும் செய்தேன், உங்களிடம் மறைக்க மாட்டேன். போன ஜனவரியில் ஈரம் காயும் முன்பே ஆட்டுத் தீவனத்தை ஏற்றிக்கொண்டு டிராக்டரோடு வயலுக்குள் போய்விட்டேன். அந்தச் சக்கரத் தடத்தில் மண் இறுகி, இன்றும் தண்ணீர் நிற்கிறது. பக்கத்தில் ஒரு மண்வெட்டி மண்ணைப் புரட்டினால் இருபதுக்கு மேல் மண்புழு, தடத்தில் இரண்டே இரண்டு. பண்ணைக்காரர் திட்டவில்லை, ஆழ வேர் விடும் சிக்கரிச் செடியை விதைத்து விட்டுவிடலாம், உழ வேண்டாம் என்கிறார். எனக்கோ ஆழமாக ஒரு உழவு போட்டு உடைத்துவிடக் கை பரபரக்கிறது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அடுத்த தடவை போனில் மறக்காமல் சொல்லுங்கள். விதைக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் மகன்