முதலில் ஷெல், அப்புறம் பைத்தன்

வெள்ளவத்தை,
கொழும்பு

அன்பு மகள்,

சேர்வர்களைப் பராமரிக்கும் வேலைக்கு எந்த மொழிகளைப் படிப்பது என்று கேட்டு நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். பாஷ், பைத்தன், பேர்ள், ரூபி, கோ, பவர்ஷெல். வேலையில் சேர முதல் எல்லாவற்றையும் படித்து முடிக்கப் பார்க்கிறாய். வேண்டாம் பிள்ளை. இரண்டை நன்றாகப் பழகு, மற்றவை தேவைப்படும்போது வரும்.

முதலாவது பாஷ், அதாவது நீ தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல். நீ தொடப்போகும் லினக்ஸ் சேர்வர்களில் அநேகமாக அது ஏற்கெனவே இருக்கும். நிறுவ அனுமதி கேட்டு நிற்கத் தேவையில்லை. கூடவே கோப்பில் சொல் தேடும் கிரெப், வரிகளைப் பிரித்தெடுக்கும் ஆக். ஆக் 1977இல் வந்தது. இன்றைக்கும் லொக் கோப்பில் எந்த ஐபி முகவரி அதிகம் வந்து போனது என்று ஒரே வரியில் எடுத்துத் தரும்.

2022இல் இங்கே மணிக்கணக்காகக் கரண்ட் போனது உனக்கு நினைவிருக்கும். ஜெனரேட்டருக்கு டீசலும் கிடைக்கவில்லை. யூபிஎஸ் தாங்கும் நேரத்துக்குள் முதலில் அப்ளிகேஷன், பிறகு டேட்டாபேஸ், கடைசியில் ஸ்டோரேஜ் என்று வரிசையாக நிறுத்த வேண்டும். அதைச் செய்தது நான் எழுதிய சின்ன ஷெல் ஸ்கிரிப்ட்தான். ஒன்று உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போகும். அந்தப் பார்க்கும் வரிகளை ஒருநாளும் சோம்பலில் விட்டுவிடாதே.

இன்னொன்று. அழிக்கும் கட்டளையில் பாதையைத் தரும் மாறி (வேரியபிள்) வெறுமையாகி, சாய்கோடும் நட்சத்திரமும் மட்டும் மிஞ்சினால் முழு சேர்வரும் போய்விடும். ஸ்கிரிப்டின் தலையில் ‘செட் -யூ’ போடு. மதிப்பே கொடுக்காத மாறி வந்தால் அங்கேயே நிற்கும். ஓட்ட முதல், பிழைகளைக் காட்டும் ஷெல்செக் கருவியில் ஒருதரம் பார்த்துக்கொள்.

ஸ்கிரிப்ட் ஒரு பக்கத்தைத் தாண்டினாலோ, ஜேசன் என்ற வடிவில் வரும் தரவைப் பிரிக்க வேண்டி வந்தாலோ பைத்தனுக்கு மாறு. பல சேர்வர்களை ஒன்றாக அமைக்கும் அன்சிபிள் எழுதப்பட்டதும் அதில்தான். பைத்தன் 2க்கான ஆதரவு 2020இலேயே முடிந்துவிட்டது, பழைய பாடங்களைப் பார்த்துக் குழம்பாதே.

அலுவலகம் முழுக்க விண்டோஸ் என்றால் கதை வேறு, பவர்ஷெல்தான் முதலில். பேர்ளை வாசிக்கத் தெரிந்தால் போதும். அப்ளிகேஷன்களைப் பொதிகளாக ஓட்டும் டொக்கரும் குபர்னெட்டீஸும் கோ மொழியில் எழுதப்பட்டவைதான், ஆனால் அவற்றை ஓட்ட கோ தெரிய வேண்டியதில்லை. அவற்றுக்கான அமைப்புகளை எழுதும் யாமல் கோப்பில் இடைவெளி பிசகாமல் எழுதத் தெரிய வேண்டும்.

சேர்ந்த முதல் கிழமையே குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியலான கிரொன்டாப்பில் என்னென்ன ஓடுகிறது என்று பார்த்து, அவை எந்த மொழியில் இருக்கின்றன என்று எனக்கு எழுது. மூன்றாவது மொழி எது என்று அதை வைத்துக் கதைப்போம்.

அன்புடன்,
அம்மா