சித்திரையில் செடி எண்ணலாமா?

ஆசிரியருக்கு,

கொல்லிமலை, பர்கூர் போன்ற மலைகளில் தாவரக் கணக்கெடுப்பைக் கோடை விடுமுறையில் வைப்பதே முதல் கோளாறு. கிழங்குச் செடிகள் பல அப்போது மண்ணுக்குள் உறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் போனால்தான் பூண்டுகளும் (தண்டு மரமாகாத சிறு செடிகள்) புற்களும் கணக்கில் வரும்.

செடிகளை எண்ண அளந்து குறிக்கும் சதுரங்களைப் பாதையோரம் போட்டால் உண்ணிச்செடியும் பார்த்தீனியமுமே மிஞ்சும். மரத்துக்கு 10×10 மீட்டர், புதருக்கு 5×5, பூண்டுக்கு 1×1 என்று காட்டுக்குள் தள்ளிப் போடுங்கள். புதிய இனம் வருவது குறையும்வரை நிறுத்தக் கூடாது.

பூவோ காயோ இல்லாத கிளையைக் கோவையின் உலர்தாவரத் தொகுப்போடு (பெயரிட்டு உலர்த்தி வைத்த செடி மாதிரிகள்) ஒப்பிடுவது பெரும்பாலும் வீண்வேலை. பறித்த மாதிரியை அழுத்தி உலர்த்தும் தாளை முதல் சில நாட்கள் தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். பழைய நாளிதழே போதும். உங்கள் வழவழப்பான இணைப்பிதழ் மட்டும் ஈரம் உறிஞ்சாது!

– தாவரவியல் ஆர்வலர்கள், நாமக்கல்