கடைசி சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன்

திண்டுக்கல்
16.2.2025

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தைப்பூச நேரம் கடையில் கூட்டம், வீட்டில் அம்மாவுக்கு மறுபடியும் முட்டிவலி. இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது. தை முதல் நாளில் வண்டி எடுத்தாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். என்னுடையதும் அதே வண்டி, அதே டீசல், அதே ஏழு சீட்டு. நிறம் மட்டும்தான் வேறு. நான் உனக்கு மூன்று மாதம் மூத்த ஓனர், அவ்வளவுதான். மீட்டரில் நாலாயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. நீ கேட்டதில் பாதிக்கு மேல் நானும் பட்டதுதான், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தூக்கிப்போடும் விஷயம். "இவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய வண்டி மாட்டுவண்டி மாதிரி குலுங்குகிறது" என்று எழுதியிருந்தாய். முதல் வாரம் நானும் அதையேதான் சொன்னேன். ஸ்பீடு பிரேக்கர் வந்தாலே பின்னால் அம்மா "ஐயோ" என்பார். ஒருநாள் பங்க்கில் காற்றுப் பார்த்தபோது நாலு டயரிலும் 42 பிஎஸ்ஐ இருந்தது. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், பார்த்திருப்பாய். சாதாரண ஓட்டத்துக்கு 33, ஆள் நிறைய ஏறினால் 36 என்று அதில் போட்டிருக்கிறது. யார்டில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு டயர் ஒருபக்கம் தட்டையாகாமல் இருக்கக் காற்றைக் கூடுதலாக அடித்து வைப்பார்களாம். டெலிவரி கொடுக்கும்போது குறைத்துத் தர வேண்டும், எனக்குக் குறைக்கவில்லை. உனக்கும் அதேதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். காலையில் வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால் பார். சரியாக வைத்த அன்றைக்கே வண்டி வேறு வண்டியாகிவிட்டது.

பின்னாலிருந்து வரும் கடகட சத்தத்துக்கு நான் இரண்டு முறை சர்வீஸுக்குப் போய் வந்தேன். இரண்டு முறையும் ஓட்டிப் பார்த்துவிட்டு "சத்தம் வரலையே சார்" என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் ஓட்டும்போது கடைசி சீட்டு நிமிர்ந்திருந்தது. நான் கடைக்கு எடுத்துப்போகும்போது அது மடங்கியிருக்கும். மடக்கியதும் சீட் பெல்ட்டின் இரும்பு நாக்கு தொங்கிப் பக்கத்துப் பிளாஸ்டிக்கில் அடிக்கிறது. அதைச் செருகி வைக்கச் சுவரிலேயே ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது. என் பெரியவன்தான் கண்டுபிடித்தான். நீயும் செருகிப் பார். அதற்கப்புறமும் வந்தால் ஜாக்கி வைத்திருக்கும் இடத்தைத் திறந்து திருகை இறுக்கு.

இப்போது முக்கியமானதுக்கு வருகிறேன். "மஞ்சளாக ஒரு லைட் வந்து இரண்டு நாளில் தானே போய்விட்டது" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டாய். அதை அப்படி விட்டுவிடாதே.

2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நாடு முழுக்க பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாடு வந்ததல்லவா, அதன்படி வரும் நம் மாதிரி டீசல் வண்டிகளில் புகை போகும் வழியில் டிபிஎஃப் என்று ஒரு ஃபில்டர் இருக்கிறது, அந்த லைட் அதற்கானது. வெளியே போக வேண்டிய கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்த கரி எரிந்து போக வேண்டும், அதற்கு 600 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு வேண்டும். ஹைவேயில் ஓடினால் அந்தச் சூடு கிடைத்துவிடும். வீட்டிலிருந்து கடைக்கு மூன்று கிலோமீட்டர், கடையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு இரண்டு என்று ஓட்டினால் எங்கிருந்து சூடாகும்? கரி சேர்ந்துகொண்டே போகும். ஒரு அளவு தாண்டியதும் இன்ஜினே கூடுதலாக டீசலைத் தெளித்து ஃபில்டரைச் சூடாக்கப் பார்க்கும். அந்த நேரத்தில் நிறுத்தினால் ஃபேன் அடங்காமல் சுற்றும், லேசாகக் கருகல் வாடை வரும். நான் ஏதோ வயர் எரிகிறது என்று பயந்து பானெட்டைத் திறந்து நின்றிருக்கிறேன். அது எரித்துக்கொண்டிருக்கும்போது நாம் சாவியைத் திருப்பிவிட்டால் வேலை பாதியில் நின்றுவிடும். இப்படி அடிக்கடி நடந்தால் எரியாத டீசல் இன்ஜின் ஆயிலில் போய்க் கலக்கும். ஆயில் குறையத்தானே பார்த்திருக்கிறோம், இதில் கூடும். ஆயில் அளவு காட்டும் கம்பி இருக்கிறதே, அந்த டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்து மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் ஒருநாள்கூடத் தாமதிக்காமல் ஆயில் மாற்றிவிடு. மாற்றும்போது டிபிஎஃப் வண்டிக்கென்று புத்தகத்தில் போட்டிருக்கும் ரகத்தையே ஊற்றச் சொல், வேறு ஆயிலின் சாம்பல் அந்த ஃபில்டரிலேயே தங்கிவிடும்.

எனக்கு லைட் வந்தது போன வாரம். பாதயாத்திரைக் கூட்டம் பழனி ரோடு முழுக்க நடந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு வாரமாக வண்டி இரண்டாவது கியருக்கு மேல் போகவில்லை. பூசத்துக்கு முதல் நாள் லைட் எரிந்தது. ராத்திரி கடை அடைத்ததும் நாலு வழிச்சாலைக்குப் போய் வேடசந்தூர் பக்கம் 80-லேயே இருபத்தைந்து நிமிடம் ஓட்டினேன். போய்த் திரும்புவதற்குள் லைட் அணைந்துவிட்டது. இன்னும் பத்து நிமிடம் ஓட்டினால் அரவக்குறிச்சி, அப்படியே உன் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம் என்று தோன்றியது. இனிமேல் வாரம் ஒருமுறை இப்படி ஓட்டுவது என்று வைத்துக்கொண்டேன். அம்மாவும் அத்தையும் கூட வருகிறார்கள். காற்று வாங்கப் போவதாக அவர்களுக்கு. நீ பேருந்து நிலையத்தைச் சுற்றியே ஓட்டுகிறவன், உனக்கு இது என்னைவிட அவசியம். லைட் விட்டு விட்டு எரிந்தாலோ, இன்ஜின் லைட்டும் சேர்ந்து வந்தாலோ ஓட்டிப் பார்க்காதே, நேரே சர்வீஸுக்கு விடு.

விற்கும்போது ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். "தினம் எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நான் மூன்று கிலோமீட்டர் என்று சொல்லியிருப்பேன். அவர் பெட்ரோல் எடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சீட் கவரையும் கோட்டிங்கையும் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள்.

கடைசி சீட்டுக்கு ஏசி வரவில்லை என்றும் எழுதியிருந்தாய். கூரையில் நடு சீட்டுக்கு மேலே ஒரு திருகு இருக்கிறது பார், அது பின்னாலுக்கென்று தனி புளோயர். முன்னால் எவ்வளவு வைத்தாலும் அதைத் திருகாவிட்டால் பின்னால் காற்று வராது. இதற்கும் நான் ஒரு மாதம் திட்டிக்கொண்டிருந்தேன். டச் ஸ்கிரீன், கேமரா, போன் இணைப்பு எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்கள். நடு சீட்டில் தேங்காய்ப் பையை வைத்தால் பெல்ட் போடச் சொல்லிக் கத்தும். பையைக் கீழே வை.

மாப்ளே, இந்த வண்டியில் எனக்கு மனசு நிற்கிற இடம் அந்தக் கடைசி சீட்டுதான். அதைப் பற்றி உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும்.

ஷோரூமில் நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன், பக்கத்தில் உட்கார்ந்தேன், நடுவில் உட்கார்ந்தேன். கடைசியில் எட்டிப் பார்த்துவிட்டு "பிள்ளைகளுக்குப் போதும்" என்றேன். வீட்டுக்கு வந்த பிறகு அங்கே உட்கார்ந்தது யார் தெரியுமா? என் அத்தை. எழுபத்து நாலு வயது. எங்கே கிளம்பினாலும் யாரும் சொல்லாமலே நடு சீட்டை மடக்கச் சொல்லி, குனிந்து, கையை ஊன்றி உள்ளே போய் உட்கார்ந்துவிடுவார். "எனக்கென்ன, நான் ஒத்தைக் கட்டை, எங்க இருந்தா என்ன" என்பார். மாமா போனதிலிருந்து அத்தை அப்படித்தான். கல்யாண வீட்டிலும் கடைசிப் பந்தி. நாங்களும் அவருக்கு அதுதான் பிடிக்கும்போல என்று விட்டுவிட்டோம்.

மார்கழிக் கடைசியில் அத்தைக்குச் சளிக்காய்ச்சல். மதுரைக்கு ஒரு காரியமாகப் போக வேண்டியிருந்தது, அத்தை வரவில்லை. வண்டியைப் பெரியவன் ஓட்டினான். சம்பந்தி வீட்டாரும் ஏறியதால் எனக்குக் கடைசி சீட்டு. அறுபத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. தரை மேடாக இருப்பதால் முட்டி நெஞ்சுக்கு வருகிறது. தொடை சீட்டில் படவே இல்லை, முழு எடையும் இடுப்பில். முன் சீட்டுக்கு அடியில் பாதத்தை நீட்டலாம் என்றால் இடமில்லை. பின் சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருப்பதால் முன்னால் இருப்பவர்களுக்குத் தெரியாத பள்ளம்கூட நமக்குத் தெரிகிறது. முன்னால் எல்லோரும் பேசிச் சிரிக்கிறார்கள், எனக்குப் பாதி வார்த்தை கேட்கவில்லை. இடது பக்கம் சிறுமலை முழுக்க வரும் அல்லவா, எனக்கு அந்தச் சின்னக் கண்ணாடியில் ஒரு கீற்றுத்தான் தெரிந்தது. கொடைரோடு டோல்கேட் வரும்போதே இறங்கி நிற்கணும்போல இருந்தது. வாடிப்பட்டி தாண்டும்போது அத்தையை நினைத்துக்கொண்டேன். இதே சீட்டில் அத்தை திருச்செந்தூர் வரைக்கும் வந்து திரும்பியிருக்கிறார். இறங்கியதும் "சொகமா இருந்துச்சுப்பா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் சொன்னேன், இனி உங்களுக்கு முன் சீட்டு என்று. ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா சொல்லித்தான் சம்மதித்தார். இப்போது நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை டீ குடிக்க நிறுத்துவோம், நிறுத்தினால் சீட்டு மாற வேண்டும். ஓட்டுகிறவனும் மாற வேண்டும், என் முறை வந்தால் நானும் கடைசிக்குப் போவேன். அந்தச் சீட்டில் முதுகைச் சாய்க்க ஒரு பட்டை இருக்கிறது, இழுத்தால் இரண்டு படி சாயும். பாதத்துக்கு அடியில் ஒரு தலையணையும் போட்டால் ஒரு மணி நேரம் தாங்கும். மலைப்பாதையில் மட்டும் யாரையும் அங்கே உட்கார வைக்காதே. சின்னவள் வத்தலக்குண்டு தாண்டி நாலு வளைவிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். நடு சீட்டுக்கு வந்து நேராக ரோட்டைப் பார்த்ததும் சரியாகிவிட்டது.

அம்மாவுக்கு ஏற வசதியாக இருக்கும் என்று பக்கவாட்டில் படி போட்டேன். அது சரியாக வரவில்லை. இறங்கும்போது கால் அதில் தட்டுகிறது, முட்டியில் இரண்டு முறை அடிபட்டுவிட்டது. கழற்றிவிட்டு ஒரு சின்ன மர ஸ்டூலை டிக்கியில் வைத்திருக்கிறேன். நடுக் கதவின் தூணில் இருக்கும் கைப்பிடியைப் பிடித்து ஏறப் பழக்கியிருக்கிறேன். இத்தனை வசதி சொல்லி விற்றார்களே, அம்மாவுக்கு அந்தக் கைப்பிடிதான் பெரிய வசதி. டிக்கி என்றதும் இன்னொன்று: ஏழு பேர் ஏறினால் இரண்டு பைக்கு மேல் வைக்க இடமில்லை. ஏழு பேரும் ஏழு பேரின் துணிமணியும் ஒன்றாகப் போக முடியாத வண்டி இது. மேலே கேரியர் போடலாமா என்று யோசிக்கிறேன், நீ போட்டால் எழுது.

மைலேஜ் டவுனில் 12, ஹைவேயில் 17. டேங்க் நிரப்பி நிரப்பிக் கணக்குப் பார்த்தது, ஸ்கிரீனில் காட்டுவதை நம்பவில்லை.

காலேஜில் ஆறு பேர் கொடைக்கானலுக்கு வாடகை ஆம்னி வேனில் போனோமே, நினைவிருக்கிறதா? முன் சீட்டுக்கு அடியிலேயே இன்ஜின், உட்கார்ந்தவனுக்குத் தொடை வெந்துவிடும். இழுத்துத் திறக்கும் கதவு டம்டம் பாறையில் சிக்கிக்கொண்டு நீ ஜன்னல் வழியாக இறங்கினாய். 800 சிசிகூட இல்லாத அந்த இன்ஜின் நம் ஆறு பேரையும் மேலே கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த வேனை 2019-இல் நிறுத்திவிட்டார்கள் என்று செய்தி வந்தபோது உனக்குப் போன் பண்ணினேன், நீ எடுக்கவில்லை.

மார்ச் 2 ஞாயிறு, இரண்டு வண்டியிலும் அங்கேயே போவோம் வா. காலை ஆறு மணிக்கு நீ புறப்பட்டால் ஏழரைக்குள் பைபாஸில் நிற்கலாம். இங்கே வரும்போதே உன் ஃபில்டரும் எரிந்து சுத்தமாகிவிடும். போன மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும், இரண்டு வண்டிக்கும் நானே எடுத்துவிடுகிறேன். உன் வண்டி நம்பரும், வருகிறவர்கள் எத்தனை பேர் என்பதும் இந்த வாரமே அனுப்பு. சிறுமலைப் பழம் ஒரு தார் எடுத்து வைக்கிறேன். அத்தைக்குக் கரூர் கரம் என்றால் உயிர், நாலு பொட்டலம் வாங்கி வா. கிளம்புவதற்கு முந்தின நாள் டிப்ஸ்டிக்கைப் பார்க்க மறக்காதே.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்
மச்சான்