நாலாவது மலையில் என்னைக் காப்பாற்றியவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

இந்த மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, கோவைப் பக்கம் ஏழு மலை ஏறிப் போகிற வெள்ளியங்கிரியில் நாலாவது மலையில் சர்க்கரை இறங்கிப் பேச்சுக் குழறி உட்கார்ந்துவிட்ட திருப்பூர்க்காரன் நான்தான். அன்றைக்கு எனக்கு உதவியவர்களில் பாதிப் பேரின் பெயர் எனக்குத் தெரியாது, ஃபோன் நம்பரும் கிடையாது. யார் கண்ணிலாவது பட்டு உங்களிடம் வந்து சேரும் என்றுதான் எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன். நடந்ததில் முக்கால் மணி நேரம் என் நினைவிலேயே இல்லை. அந்தப் பகுதியை மற்றவர்கள் சொன்னதை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

முதலில் பூண்டி அடிவாரத்தில் பைகளைச் சோதித்த வனத்துறைத் தம்பிக்கு. பிஸ்கட் பொட்டலங்களை எல்லாம் பிரித்து, பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டுக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். என் பையில் மாத்திரை அட்டையும் குளுக்கோஸ் பொடியும் இருந்தன. பொடியைக் காகிதத்தில் கொட்டி நாலாக மடித்தபடியே, "சக்கரை உங்களுக்குங்களாண்ணா?" என்று கேட்டீர்கள். தலையாட்டினேன். "அப்ப இதைப் பைல வைக்காதீங்க, சட்டைப் பாக்கெட்ல வச்சுக்கங்க. கூட வர்றவங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்றீர்கள். உங்களுக்குப் பின்னால் நூறு பேர் வரிசையில் நின்றார்கள். அந்த அவசரத்திலும் இதைச் சொல்ல உங்களுக்குத் தோன்றியதே, அதற்குத்தான் முதல் நன்றி.

பொட்டலத்தைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. இதய நோய், மூச்சுத் திணறல், ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை வருஷா வருஷம் கேட்டுக்கொள்கிறது. 2024 சீசனில் மலையேறப் போன பலர் இறந்துபோன செய்தியும் நான் படித்ததுதான். இருந்தாலும், சொன்னால் அடிவாரத்திலேயே உட்கார வைத்துவிடுவார்கள் என்ற பயம். கூட வந்த 10 பேருக்கும் எட்டு வருஷமாக எனக்குச் சர்க்கரை இருப்பது தெரியாது. அந்தப் பொய்யின் பாரத்தை ராத்திரி முழுக்க அவர்கள்தான் சுமந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவரிடமும் இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் கம்பெனி கட்டிங் மாஸ்டர் அண்ணனுக்கு அடுத்த நன்றி. பல வருஷமாக மலையேறுகிறவர். எங்கள் குழுவுக்கு அவர் வைத்த சட்டங்கள் மூன்றுதான். முன்னால் போகிறவர் ஒவ்வொரு மலை முடிவிலும் நின்று தலையை எண்ண வேண்டும். கடைசியில் வருகிறவர் என்ன ஆனாலும் யாரையும் தாண்டிப் போகக் கூடாது. ஒருத்தருக்கு முடியவில்லை என்றால் அத்தனை பேரும் திரும்ப வேண்டும். அன்றைக்குக் கடைசி ஆளாக வந்தது எங்கள் செக்கிங் செக்‌ஷன் தம்பி. பாம்பாட்டி சுனை தாண்டியதிலிருந்தே எனக்குக் கால் பின்னியது. "நீ போடா, நான் மெதுவா வர்றேன்" என்று நாலைந்து தடவை விரட்டியிருக்கிறேன். அவன் போகவில்லை. மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டு, எனக்கு இரண்டு படி கீழேயே நின்றிருக்கிறான்.

நாலாவது மலையில் காற்று அப்படி அடித்தது. எல்லோரும் ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் பனியன் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. கை நடுங்கியது. டார்ச் வெளிச்சம் இரண்டாகத் தெரிந்தது. அதுவரைதான் எனக்கு ஞாபகம். அப்புறம் காரணமே இல்லாமல் தம்பியிடம் சண்டைக்குப் போனேனாம், தடியைத் தூக்கி எறிந்தேனாம். ஏறிக்கொண்டிருந்த சிலர் "தண்ணியப் போட்டுட்டு மலைக்கு வரலாமா?" என்று திட்டிவிட்டுப் போனார்களாம். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. பார்த்தால் அப்படித்தான் தெரியும் என்று ஆஸ்பத்திரியில் டாக்டரே சொன்னார்.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள், தம்பி. சாம்பல் கலர் குல்லா, தோளில் துணிப்பை, ஈரோட்டுப் பக்கம் நர்சிங் படிப்பதாகச் சொன்னீர்களாம். இந்த மடலே முக்கியமாக உங்களுக்குத்தான். என் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "குளுருல இப்படி வேர்க்குது, அண்ணனுக்குச் சுகர் இருக்கா?" என்று கேட்டீர்கள். எல்லோரும் இல்லை என்றார்கள். செக்கிங் தம்பி மட்டும், அடிவாரத்தில் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவன், வனத்துறைக்காரர் சொன்னது காதில் விழுந்ததைச் சொல்லி என் பாக்கெட்டில் கை விட்டான். மடித்த காகிதம் அப்படியே இருந்தது.

நீங்கள் அவசரப்படவில்லையாம். என்னை நிமிர்த்தி உட்கார வைத்து, முதலில் ஒரு வாய்த் தண்ணீர் மட்டும் கொடுத்து, விழுங்குகிறேனா என்று தொண்டையையே பார்த்திருக்கிறீர்கள். "மயங்கிட்டா வாய்ல ஒண்ணும் ஊத்தக் கூடாதுங்க, நுரையீரலுக்குப் போயிரும்" என்று சுற்றி நின்றவர்களுக்கும் சொல்லியிருக்கிறீர்கள். விழுங்கினேன் என்று தெரிந்த பிறகுதான் மூன்று ஸ்பூன் குளுக்கோஸைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தீர்கள். 15 நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து, மறுபடியும் அதே அளவு. மலை ஏற வந்த உங்கள் நண்பர்கள் அதுவரை காத்திருந்தார்கள். அவர்களுக்கும் என் நன்றி.

கண் தெளிந்தபோது நான் தார்ப்பாய் கட்டிய ஒரு கடைக்குள் கிடந்தேன். தலைக்கு ஒரு சாக்கு மூட்டை, மேலே பச்சைக் கட்டம் போட்ட கம்பளி. கடைக்காரர் ஐயா, உங்கள் கம்பளி அது. வாழைப்பழத்தை நீங்களே உரித்து என் கையில் வைத்து, "முழுசாத் தின்னு கண்ணு, அப்புறம் பேசலாம்" என்றீர்கள். வியாபாரம் மும்முரமாக நடக்கிற நேரம். கடையில் பாதி இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டு, வந்தவர்களை வெளியே நிற்க வைத்தே சுக்குக் காபி கொடுத்தீர்கள். கீழே தகவல் சொல்ல ஒரு பையனையும் ஓட விட்டீர்கள். காசு வாங்க மறுத்துவிட்டீர்கள் என்று பின்னால்தான் தெரிந்தது.

எனக்கு நன்றாகத் தெளிந்துவிட்டது, மேலே ஏறலாம் என்றே சொன்னேன். நர்சிங் தம்பி விடவில்லை. என் மாத்திரைப் பெயரைக் கேட்டார். கிளிமிபிரைடு. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை அது. வயிறு நிறைந்தால் ஏற முடியாது என்று ராத்திரிச் சாப்பாட்டைத் தவிர்த்த நான், மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டிருந்தேன். அதன் வேலை பல மணி நேரம் நிற்கும், இப்போது ஏறிய சர்க்கரை மறுபடி இறங்கும் என்று புரிய வைத்தார். மாஸ்டர் அண்ணன் ஒரே வார்த்தையில் "எல்லாரும் இறங்கறோம்" என்றார். முதல் தடவையாக வந்த மூன்று பையன்கள் ஏழாவது மலையைப் பார்க்காமலே திரும்பினார்கள். ஒருத்தர்கூட முகம் சுளிக்கவில்லை.

டோலி தூக்கிய நான்கு இளைஞர்களே, நீங்கள் அடிவாரத்து மலைக்கிராமத்துப் பிள்ளைகள் என்று சொன்னார்கள். நான் 68 கிலோ. முதல் மலையின் செங்குத்துப் படிகளில் இறங்கும்போது முன்னால் இருந்தவர் மூங்கிலைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடிக்க, பின்னால் இருந்தவர் கிட்டத்தட்ட உட்கார்ந்தபடி இறங்கினார். நான் சரிந்துவிடாமல் இருக்க அப்படி. ஒவ்வொரு வளைவிலும் "அண்ணா, முழிச்சிருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தீர்கள். பதில் வராவிட்டால் நின்றுவிடச் சொல்லி நர்சிங் தம்பி அனுப்பியிருந்தாராம்.

அடிவாரத்தில் 108 வண்டியில் விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை அளவு 58. 70க்குக் கீழே போனாலே ஆபத்தின் தொடக்கம். அந்தத் தம்பி சொன்னபடியேதான் நடந்தது. உடனே நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிய 108 ஊழியர்களுக்கும், மறுநாள் ராத்திரி வரை மணிக்கொரு தடவை வந்து பார்த்த ஆஸ்பத்திரி செவிலியர்களுக்கும் நன்றி.

அதற்கப்புறம் எங்கள் குழுவில் ஒரு மாற்றம். எங்கே கிளம்பினாலும் ஒவ்வொருவரும் ஒரு துண்டுச் சீட்டில் பெயர், என்ன உடம்பு, என்ன மாத்திரை, வீட்டு நம்பர் எழுதிச் சட்டைப் பாக்கெட்டில் ஒன்றும் கடைசி ஆளிடம் ஒன்றுமாகக் கொடுக்கிறோம். முதல் சீட்டை நான்தான் எழுதினேன். அதைப் பார்த்த பிறகு, ரத்த அழுத்த மாத்திரை போடுகிற இரண்டு பேர் தாங்களாகவே எழுதிக் கொடுத்தார்கள். மலைக்கு இனி நான் வரப்போவதில்லை.

கடைக்காரர் ஐயா, உங்கள் கம்பளி டோலியோடு என்கூடவே வந்துவிட்டது. என் மனைவி துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். இந்த சீசன் முடிவதற்குள் மாஸ்டர் அண்ணன் மறுபடி ஏறுகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். ஈரோட்டுத் தம்பி, பூண்டி அடிவாரத்தில் தடி விற்கும் முதல் கடையில் என் ஃபோன் நம்பரை எழுதிக் கொடுத்து வைத்திருக்கிறேன். ஒரு தடவை கூப்பிடுங்கள். உங்கள் குரலை நான் மறுபடி ஒரு தடவை கேட்க வேண்டும்.