நிலத்தடியை ஆராய்வோருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: புவி இயற்பியல் ஆய்வு நிறுவனங்களின் இயக்குநர்கள், கள ஆய்வுக் குழுத் தலைவர்கள்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். புவிமேலோடும் அதன் கீழுள்ள பாறை அடுக்கான மேல் கவசமும் எப்படி அமைந்திருக்கின்றன என்பதை அறிய நீங்கள் மேற்கொள்ளும் ஆய்வுகளைப் பெரிதும் மதிக்கும் நிலவியல் ஆசிரியன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். எந்த ஊர் மண்ணில் கருவியைப் புதைக்கிறீர்களோ, அந்த ஊராருக்கு உங்கள் வேலை இன்னதென்று முன்கூட்டியே தமிழில் சொல்லுங்கள். முடிவுகள் வந்தபின் அவற்றையும் அவர்களிடம் கொண்டுவந்து சேருங்கள்.

2017இல் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசல் மக்கள் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராகத் திரண்ட பிறகு, வயலோரம் கேபிள் இழுத்துக் குழி தோண்டுபவரை எண்ணெய்க் கம்பெனி ஆள் என்று ஊர் சந்தேகிப்பது இயல்பு. அதில் நியாயமும் உண்டு. வெடிவைத்து அலை எழுப்புவதும், நில அதிர்வை உணரும் ஜியோபோன்களை வரிசையாக நட்டு எதிரொலியைப் பதிவதும் எண்ணெய் தேடுவோருக்கும் உங்களுக்கும் பொதுவான முறைகள். ஆனால் எண்ணெய்க் கிணறுகள் சில கிலோமீட்டர் ஆழத்தோடு நின்றுவிடுகின்றன. மேலோடு முடிந்து கவசம் தொடங்கும் மோஹோ எல்லையோ, குப்பம் முதல் பழனி வரை நடந்த ஆய்வு காட்டியபடி, 40 கிலோமீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அங்கிருந்து எதையும் தோண்டியெடுக்க யாராலும் முடியாது என்ற ஒரு செய்தியே பாதி அச்சத்தைப் போக்கிவிடும்.

மேக்னட்டோடெலூரிக் ஆய்வை விளக்குவது இன்னும் எளிது. களிமண் குழைத்துப் பூசிய மின்முனைகளை வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் புதைக்கிறீர்கள். காற்றில் அசையாதபடி காந்தச் சுருள்களை மட்டம் பார்த்துப் பள்ளத்தில் கிடத்தி மண்ணிட்டு மூடுகிறீர்கள். நிலத்துக்குள் எதையும் செலுத்துவதில்லை. சூரியனிலிருந்து வரும் துகளோட்டமும் தொலைதூர மின்னல்களும் எழுப்பும் மின்காந்த அலைவுகளைப் பதிந்து, ஆழத்துப் பாறைகள் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகின்றன என்று கணிக்கிறீர்கள். பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடினாலே அந்தப் பதிவு கெடும். விவரம் தெரிந்த விவசாயி, தன் பாசனத்துக்குப் பழுதில்லாத நேரம் பார்த்து மோட்டாரை நிறுத்திவைப்பார். தெரியாதவர் ஏன் நிறுத்த வேண்டும்?

முடிவுகளை அறியவும் அவர்களுக்கு உரிமை உண்டு. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதி பெரும் நிலநடுக்கத்தால் குலுங்கியது. பழம்பாறை நிலம் அசையாது என்ற நம்பிக்கை பொய்யாகும் என்பதற்கு 1993இல் மகாராஷ்டிரத்தின் கில்லாரி நிலநடுக்கத்தால் பட்ட துயரமே போதும். பவானி, மோயாறு, பாலக்காட்டுக் கணவாய் ஆகியவற்றை ஒட்டி, பாறைகள் நசுங்கி நழுவிய பழம் பட்டைகள் ஓடுகின்றன. அவை எவ்வளவு ஆழம் இறங்குகின்றன என்று நீங்கள் கண்டறிவது, அவற்றின் மேல் வீடு கட்டி வாழ்பவர்களுக்கும் உரிய செய்தி. காவலி முதல் உடுப்பி வரையிலான ஆழ்நில அதிர்வு ஆய்வு தொடங்கி, 1970கள் முதல் இந்தியாவில் இத்தகைய பணி நடந்துவருகிறது. அதன் பலன் ஆங்கில ஆய்விதழ்களோடு நின்றுவிடக் கூடாது.

எனவே, இனி அனுப்பும் ஒவ்வொரு குழுவோடும் தமிழில் அச்சிட்ட இரண்டு பக்கத் துண்டறிக்கையைக் கொடுத்தனுப்புங்கள். கிராமசபையில் பேசத் தெரிந்த ஒருவரும் உடன் வரட்டும். ஓராண்டுக்குள், கருவி வைத்த ஊரின் பள்ளிக்கு அந்த நிலத்தின் குறுக்குவெட்டுப் படத்தை அனுப்புங்கள்; மூலத் தரவுகளை அருகிலுள்ள நிலவியல் கல்லூரிகளுக்கும் தந்துதவுங்கள்.

இப்படிக்கு,
கொங்கு வட்டாரத்து நிலவியல் ஆசிரியன்