செல்ஃப் மோட்டாரை மாற்றிவிடாதே

அன்பு மகனுக்கு,

உன் 1964 எம்ஜிபி காரில் செல்ஃப் எடுக்கவில்லை, கியர் வைத்த புது மாடல் மோட்டாரை வாங்கிப் போட்டுவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்டா. நீ அனுப்பிய படத்தில் இருப்பது லூகாஸ் எம்418ஜி. உடம்பில் மாடல் எண்ணோடு மாதமும் வருஷமும் குத்தியிருக்கிறது. வண்டியின் வருஷத்தோடு அது ஒத்துப்போகிறது என்றால் அந்த மோட்டாருக்கு மதிப்பே தனி. உள்ளே பெரிதாகக் கெடுவதற்கும் அதிகமில்லை: காந்தமாகும் நாலு பீல்டு காயில், நடுவே சுற்றும் ஒரு ஆர்மேச்சர், அதற்குக் கரண்ட் கொடுக்கும் நாலு பிரஷ், ஷாஃப்டைத் தாங்கும் இரண்டு புஷ், எஞ்சினோடு பல் கோக்கும் ஒரு பெண்டிக்ஸ்.

அவிழ்ப்பதற்கு முன் ஒயரைப் பார். உன் வண்டியில் சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரி தொடராக இருக்கிறது. அங்கிருந்து எஞ்சின் வரை நீளக் கேபிள், இரண்டு பேட்டரியையும் சேர்க்கும் இணைப்பு, பாடிக்கு ஒரு எர்த், பாடியிலிருந்து எஞ்சினுக்கு ஒரு எர்த் பட்டை. இதில் ஒரு இடத்தில் பச்சை பூத்திருந்தாலும் மோட்டார் முனகும், பழி மோட்டார் மேல் விழும். இக்னிஷன் காயிலின் சின்ன ஒயரைக் கழற்றிவிட்டால் எஞ்சின் பிடிக்காது. பிறகு மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் பக்க ஈயக் கட்டையிலேயே வை, கிளாம்பில் வைக்காதே. இன்னொரு முனையை மோட்டார் உடம்பில் வைத்து ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல். எர்த் பக்கம் 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு வெளியேதான். கரண்ட் பக்கமும் அப்படியே, ஆனால் இன்னொரு முனையை உடம்பில் இல்லாமல் மோட்டாரில் கேபிள் சேரும் இடத்தில் வை; அங்கே 0.5 வோல்ட் வரை விடலாம். செல்ஃப் அடித்ததும் சோக் கேபிள் சுடுகிறதா என்றும் தொட்டுப் பார். சுட்டால் எஞ்சின் எர்த் பட்டை போய்விட்டது, கரண்ட் வேறு வழியில்லாமல் அந்த மெல்லிய கம்பி வழியாகத் திரும்புகிறது என்று அர்த்தம்.

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டும் ஒருமுறை அடித்துப் பார். வெளிச்சம் மங்காமல் அப்படியே இருந்தால் மோட்டாருக்குக் கரண்ட் போகவில்லை: சொலினாய்டு (மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்), ஒயர் அல்லது பிரஷ். சட்டென்று மங்கி எஞ்சின் அசையவில்லை என்றால் பெண்டிக்ஸின் சின்னப் பல்சக்கரமான பினியன், எஞ்சின் ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள ரிங் கியரில் மாட்டியிருக்கலாம். மோட்டாரின் பின்முனையில் சின்ன மூடிக்குள் ஷாஃப்ட் சதுரமாக இருக்கும், ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் விடுபடும். மோட்டார் மட்டும் விர்ரென்று சுற்றி எஞ்சின் சும்மா இருந்தால் பெண்டிக்ஸில் அழுக்கு.

இதெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் கழற்று. பேட்டரியில் முதலில் எர்த்தை எடுக்க வேண்டும், உன் வண்டியில் அது பாசிட்டிவ். பழக்கதோஷத்தில் நெகட்டிவைப் பிடித்துவிடாதே. (யாராவது நெகட்டிவ் எர்த்தாக மாற்றியிருந்தாலும் இந்த மோட்டார் அதே பக்கம்தான் சுற்றும். பீல்டும் ஆர்மேச்சரும் தொடராக இருப்பதால் இரண்டும் சேர்ந்தே திரும்பிவிடும்.)

பிரஷ்ஷை மூடியிருக்கும் கவர் பேண்டைத் தள்ளியதும் அதன் உட்பக்கத்தைப் பார். பொட்டுப் பொட்டாக வெள்ளியாய் ஒட்டியிருந்தால் அது ஈயம். யாரோ நிறுத்தாமல் செல்ஃப் அடித்து, ஆர்மேச்சர் சூடாகி, கம்யூட்டேட்டர் (பிரஷ் உரசும் செம்புத் துண்டுகள்) இணைப்பில் இருந்த ஈயப்பற்று உருகிச் சிதறியிருக்கிறது. மறுபடி பற்றுவைத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆர்மேச்சரின் இரும்புத் தகடுகளில் ஒரு பக்கம் பளபளவென்று கோடு விழுந்திருந்தால் புஷ் தேய்ந்து, பீல்டு காயிலைப் பிடித்திருக்கும் இரும்பான ‘போல் ஷூ’வில் உரசியிருக்கிறது. சுற்றுக்குள் ஷார்ட் இருக்கிறதா என்பதை கிரௌலர் என்ற மின்காந்தச் சோதனைக் கருவியில் வைத்துத்தான் சொல்ல முடியும்: மேலே ஹேக்ஸா பிளேடைப் பிடித்துக்கொண்டு ஆர்மேச்சரை மெதுவாகத் திருப்பு. ஷார்ட் உள்ள இடத்தில் பிளேடு படபடவென்று அதிரும்.

கம்யூட்டேட்டர் விஷயத்தில் கவனம். டைனமோவில் செம்புத் துண்டுகளுக்கு இடையே உள்ள மைக்காவை வெட்டித் தாழ்த்துவார்கள். இதில் அது கூடாது. இந்தப் பிரஷ்ஷில் செம்பு அதிகம். பள்ளம் வெட்டினால் அந்தத் தூள் போய் அடைந்து ஷார்ட் ஆகும். லேத்தில் கூர்மையான டூலால் மிக மெல்லிசாக ஒரு சீவல், பிறகு நைசான கண்ணாடித்தாள், அவ்வளவுதான். எமரி வேண்டாம், அதன் துகள் செம்பில் பதிந்து பிரஷ்ஷை அறுக்கும்.

பிரஷ் 8 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்று. ஸ்பிரிங் இழுப்பை ஸ்பிரிங் தராசில் பார், சுமார் 1 கிலோ இருக்க வேண்டும். இரண்டு பிரஷ் பின்மூடியில் எர்த்தாக இருக்கும், இரண்டு பீல்டு காயிலோடு பற்றுவைத்திருக்கும். காயில் செம்பு என்றால் பழைய பற்றை உருக்கி எடுத்துப் புதிதை வைக்கலாம். அலுமினியம் என்றால் அதில் ஈயம் பிடிக்காது. பழைய பின்னல் ஒயரைக் கால் அங்குலம் விட்டு வெட்டி, அந்தக் குட்டையில் புதிதைச் சேர். எதுவானாலும் ரெசின் ஃப்ளக்ஸ்தான், ஆசிட் போட்டால் நாளைக்கே அரிக்கும். பற்றுவைக்கும்போது பின்னல் ஒயரைக் குறடால் இறுக்கிப் பிடித்துக்கொள். இல்லாவிட்டால் ஈயம் திரி எண்ணெய் உறிஞ்சுவது போல மேலே ஏறி ஒயர் கம்பியாக விறைத்துவிடும். அப்புறம் பிரஷ் கூட்டில் இறங்காது. பார்வைக்கு எல்லாம் சரியாகத் தெரியும், ஆனால் மோட்டார் ஓடாது. புதுப் பிரஷ் பலரைத் திணறடிப்பது இந்த இடத்தில்தான்.

பீல்டு காயிலில் இன்சுலேஷன் நன்றாக இருந்தால் தொடாதே. துணிநாடா உதிர்ந்திருந்தால் மட்டும் இறக்கு. போல் ஷூ ஸ்க்ரூக்கள் சாதாரண ஸ்க்ரூடிரைவருக்கு அசையாது, இம்பாக்ட் டிரைவர் வேண்டும். எந்த ஷூ எந்த இடம் என்று கீறி வைத்துக்கொள். புது நாடாவைப் பாதிக்குப் பாதி மேலே ஏறும்படி ஒரே அடுக்காகச் சுற்றி, வார்னிஷில் முக்கி, சூட்டில் காயவை. பலமாக இருக்கட்டும் என்று இரண்டு அடுக்கு சுற்றினால் ஷூ உடம்போடு ஒட்டி உட்காராது, ஆர்மேச்சர் உரசும்.

வெண்கலப் புஷ் நுண்துளை உள்ளது. போடுவதற்கு முன் 24 மணி நேரம் எஞ்சின் ஆயிலில் ஊறட்டும். ஷாஃப்ட் அளவுக்கு வழவழப்பாகக் கடைந்த கம்பியில் கோத்து அழுத்தி ஏற்று. பிறகு ரீமரால் உள்ளே சீவாதே, நுண்துளைகள் மூடிப்போகும்.

பெண்டிக்ஸை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவை. அதோடு சரி. எண்ணெய், கிரீஸ் எதுவும் கூடாது. கிளட்ச் தூள் அதில் ஒட்டிப் பசையாகிப் பினியன் மறுபடி சிக்கும். பெரிய ஸ்பிரிங்கைக் கழற்றும்போது அழுத்திப் பிடிக்கும் கருவி இல்லாமல் கை வைக்காதே, கண்ணில் பாயும்.

கறுப்புப் பெயிண்ட் அடிப்பதானால் எஞ்சினோடு சேரும் ஃப்ளாஞ்சின் முகத்தை மூடிவிட்டு அடி. மோட்டாருக்கு எர்த்தே அந்த இரும்பு முகம்தான். பளபளவென்று பெயிண்ட் அடித்து மாட்டிய மோட்டார் சோம்பலாகச் சுற்றுவதற்கு இதுதான் காரணம்.

மாட்டுவதற்கு முன் வைஸில் இறுக்கிப் பிடித்து, தடித்த கேபிளில் 12 வோல்ட் கொடு. ஐந்தாறு வினாடி போதும், சுமையில்லாமல் விட்டால் வேகம் ஏறிக்கொண்டே போகும். சுமார் 45 ஆம்பியரில் தடையில்லாமல் வேகமாகச் சுற்ற வேண்டும். ஆம்பியர் ஏறி வேகம் குறைந்தால் புஷ் இறுக்கம், உரசல் அல்லது ஆர்மேச்சரில் ஷார்ட். இரண்டுமே குறைந்தால் பிரஷ் அல்லது பற்று சரியில்லை.

மோட்டார் வெளியே இருக்கும்போதே டார்ச் அடித்து ரிங் கியரையும் ஒரு சுற்று பார்த்துவிடு. நாலு சிலிண்டர் எஞ்சின் எப்போதும் எதிரெதிரே இரண்டு இடத்தில்தான் நிற்கும், பல் தேய்வதும் அங்கேதான்.

முதலில் எர்த் பக்கம், கரண்ட் பக்கம் இரண்டின் வோல்ட் அளவையும் எடுத்து எழுது. அதைப் பார்க்காமல் ஸ்பேனரைத் தொடாதே.

அன்புடன்,
அம்மா